எட்டு விளக்குகளும் எரிந்தன



வீட்டிலோ கடையிலோ பள்ளியிலோ கணினி இணைப்பு நின்றுவிட்டால் நம்மில் பெரும்பாலோர் முதலில் குறை கூறுவது கணினியை. அடுத்து இணைப்புத் தந்த கம்பெனியை. அதற்கும் அடுத்து, கடைசியாக அதைத் தொட்ட பிள்ளையை. சுவரோரமாகக் கிடக்கும் சாம்பல் நிறக் கேபிளை எவரும் ஐயுறுவதில்லை. அது அசைவதில்லை, ஒலி எழுப்புவதில்லை, விலையும் குறைவு. ஆயினும் கோளாற்றை நாடிச் சென்றால் பல வேளைகளில் நாம் போய் நிற்பது அந்தக் கேபிளின் முனையிலேதான். இதைச் சொல்பவன் பொறியியல் படித்தவன் அல்லன். கலைப்பிரிவில் பட்டம் பெற்று மத்ரஸாவில் பாடம் நடத்துகின்றவன். எங்கள் மத்ரஸாவில் பத்துக் கணினிகள் உள்ள அறையின் பொறுப்பு என்னிடம் வந்த பிறகு, தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் கையால் செய்தும் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

கேபிளின் மேலுறையைச் சற்றே உரித்துப் பாருங்கள். உள்ளே எட்டு மெல்லிய செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என ஒவ்வோர் இணைக்கும் ஒரு நிறம். இணையில் ஒரு கம்பி முழு நிறமாகவும் மற்றொன்று வெள்ளை கலந்தும் இருக்கும். அழகுக்காகவோ இடத்தைச் சுருக்கவோ அவற்றை முறுக்கவில்லை. ஒரு கம்பியில் செய்தி செல்லும்போது அதன் இணைக் கம்பியில் அதற்கு நேர் எதிரான அலை செல்கிறது. வெளியிலிருந்து மோட்டாரோ குழல்விளக்கின் சோக்கோ இரைச்சலைப் புகுத்தினால், முறுக்கின் காரணமாக இரு கம்பிகளிலும் அது ஏறத்தாழச் சமமாகவே விழுகிறது. பெறும் முனை இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்வதால், இரைச்சல் தானே கழிந்துபோகிறது. தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1881ஆம் ஆண்டிலேயே இம்முறுக்கு இணைக்குக் காப்புரிமை பெற்றார் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. அவருடைய முறுக்குதான் இன்றும் நம் வீட்டுச் சுவரோரத்தில் கிடக்கிறது.

கணினிகளைக் கம்பியால் பிணைக்கும் 'ஈதர்நெட்' முறை, 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. அதன் தொடக்க காலத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே தடித்த கேபிளில் கோக்கப்பட்டிருந்தன. ஓரிடத்தில் அறுந்தால் அத்தனையும் ஊமையாகிவிடும். முறுக்கு இணைக் கேபிளுக்கான தரம் 1990ஆம் ஆண்டில் வந்தது. அதன்படி ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள், நடுவே எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு பெட்டி. ஒன்று கெட்டால் அந்த ஒன்று மட்டுமே கெடும். கோளாறு தேடுவோருக்கு இது எத்துணை பெரிய உதவி என்பதைத் தேடிப் பார்த்தவரே அறிவர்.

தேடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில், கேபிள் செருகிய இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையெனில் பிளக்கைக் கழற்றிச் 'கிளிக்' ஒலி கேட்கும்வரை மீண்டும் செருகுங்கள். அதிலுள்ள பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தால் அது நழுவிக்கொண்டே இருக்கும். பிறகு, நன்றாக வேலை செய்யும் வேறொரு கேபிளைப் பொருத்திப் பாருங்கள். விளக்கு எரிந்தும் இணைப்பில்லையெனில் கணினியின் ஐ.பி. எண்ணைப் பாருங்கள், அது 169.254 என்று தொடங்கினால், கணினி தனக்கு ஓர் எண் கேட்டும் எவரும் கொடுக்கவில்லை என்று பொருள். அடுத்து ரௌட்டருக்குப் 'பிங்' அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டுக் கேபிளில் இல்லை. கம்பெனிக்குத் தொலைபேசி செய்யலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மூன்றை ஒருசேர மாற்றி இணைப்பு வந்துவிட்டால், எது கெட்டிருந்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும்; மறுமுறையும் மூன்றுக்குப் பணம் கொடுப்பீர்கள்.

கருவிகளில் இன்றியமையாதவை இரண்டே. ஒன்று, கேபிளின் முனையில் ஆர்ஜே-45 என்னும் பிளக்கைப் பொருத்தி இறுக்கும் கிரிம்பிங் கருவி. மற்றொன்று டெஸ்டர். இது இரு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டையும் கேபிளின் ஒரு முனையில் பொருத்தினால், ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்து காட்டும். ஏதேனும் ஒன்று எரியாவிட்டால் அக்கம்பி அறுந்திருக்கிறது. வரிசை மாறி எரிந்தால் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. எட்டும் ஒழுங்காக எரிந்தால் கேபிள் நலம் என்று கடைக்காரர் சொல்வார். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் முழுமையாக நம்பிவிடாதீர்கள்.

எங்கள் மாணவர்களில் சிலர் மார்க்கக் கல்வியோடு திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வும் எழுதுகின்றனர். 2022ஆம் ஆண்டில், மூலையிலிருந்த பத்தாம் எண் கணினியில் மட்டும் இணைப்பு அடிக்கடி தடுமாறியது. சிறு பக்கங்கள் திறக்கும். படம் ஏற்றும்போதோ பெரிய பாடக்கோப்பை இறக்கும்போதோ நின்றுவிடும். அவ்விடத்தில் நாள்தோறும் அமர்ந்தவன் ஒரு துடியான மாணவன். பழுது பார்க்க வந்தவர் டெஸ்டரை வைத்தார். எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தன. "கேபிளில் குறையில்லை, யாரோ கணினியில் எதையோ மாற்றுகிறார்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். நிர்வாகக் குழுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், பையன் நோண்டுகிறான். இனிமேல் அவனை அந்த அறைக்குள் விட வேண்டாம்" என்றார். பையனோ, "நான் எதையும் தொடவில்லை ஹஜ்ரத்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றான். தேர்வு விண்ணப்பம் அனுப்ப இன்னும் சில நாட்களே இருந்தன.

ஒரு வாரம் பொறுக்குமாறு பெரியவரிடம் கேட்டுக்கொண்டேன். மாணவனை நான்காம் எண் கணினிக்கு மாற்றினேன். அங்கே இணைப்பு ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. பத்தாம் எண்ணில், கணினியைப் பற்றி ஏதும் அறியாத சிறிய மாணவன் ஒருவனை அமர்த்தினேன். அவனுக்கும் நின்று நின்று வந்தது. பிறகு இரண்டு கணினிகளையும் இடம் மாற்றி வைத்தேன். கோளாறு கணினியோடு போகாமல் அந்த மூலையிலேயே தங்கிவிட்டது. மிஞ்சியது கேபிள் ஒன்றுதான்.

மற்ற ஒன்பது கேபிள்களும் ஆலையிலேயே முனை பொருத்தி வந்தவை. இந்த ஒன்று மட்டும் நீளம் போதாமையால் பின்னர் உள்ளூரில் வெட்டிப் பொருத்தப்பட்டது. கண்ணாடி போன்ற பிளக்கின் ஊடே நிறங்களைப் பார்த்தேன். ஆரஞ்சு இணை, பச்சை இணை, நீல இணை, பழுப்பு இணை என்று பார்ப்பதற்கு மிகச் சீராக அடுக்கப்பட்டிருந்தன. குறை அந்தச் சீரிலேதான் இருந்தது! வழக்கிலுள்ள வரிசை வேறு: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. அதாவது மூன்றாம் கம்பியும் ஆறாம் கம்பியும் ஒரே இணையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். இங்கோ மூன்றாவது பச்சை இணையிலிருந்தும் ஆறாவது நீல இணையிலிருந்தும் வந்திருந்தன. இரு முனையிலும் ஒரே மாதிரி பொருத்தியிருந்ததால் ஒன்று ஒன்றுக்கும், எட்டு எட்டுக்கும் சரியாகவே சேர்ந்தன. எட்டு விளக்குகளும் எரிந்தன. ஆனால் எதிரெதிர் அலைகள் ஒரே முறுக்கில் செல்லாமையால் இரைச்சல் கழியவில்லை. கம்பி சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டுமே மலிவான டெஸ்டர் அறியும். எது எதனோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்பதை அது அறியாது.

இரு முனைகளையும் வெட்டியெறிந்து, முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல் புதிய பிளக்குகள் இரண்டைப் பொருத்தினோம். செலவு தேநீர்ச் செலவுக்கு மேல் போகவில்லை. பெரியவர் வந்து தாமே ஒரு பெரிய கோப்பை இறக்கிப் பார்த்தார். பையனை அழைத்து ஒன்றும் பேசவில்லை. தோளில் கை வைத்துவிட்டுப் போனார். விண்ணப்பமும் காலத்தில் சென்றது.

கேபிள் வாங்குவோருக்கு ஒரு சொல். மிக மலிவாகவும் எடை குறைவாகவும் கிடைத்தால், உள்ளிருக்கும் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி போல் மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம். எளிதில் ஒடியும், வெகுதூரத்துக்கு உதவாது. நல்ல கேபிளாயினும் ஓர் இணைப்பின் நீளம் 100 மீட்டரைக் கடக்கக் கூடாது. மின்சார ஒயரோடு ஒட்டி நெடுந்தூரம் இழுத்துச் செல்ல வேண்டாம். எலி கடித்த இடத்தை டேப் சுற்றி ஒப்பேற்றுவதும் வேண்டாம். அறையைப் பெருக்குவோர் அவிழ்ந்து கிடக்கும் முனையைக் கண்டு, நல்லெண்ணத்தோடு அதை இணைப்புப் பெட்டியின் காலித் துளையில் செருகிவிடுவதுண்டு. மறுமுனையும் அதே பெட்டியில் இருந்தால், சாதாரணப் பெட்டிகளில் செய்தி வட்டமாகச் சுற்றிச் சுற்றி எல்லாக் கணினிகளையும் நிறுத்திவிடும். விளக்குகள் மட்டும் வெறி பிடித்தாற்போல் மின்னும். இதைத் தவிர்க்கவே எங்கள் அறையில் ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எண் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறோம். மீந்த துண்டுகளைக் கொண்டு பெரிய மாணவர்களுக்கு முனை பொருத்தப் பழக்குகிறோம். எவருக்கும் முதல் இரண்டு பிளக்குகள் வீணாகவே போகின்றன, பிளக் மலிவுதான்.