சிறுவர் பகுதியின் கிரயம்

நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகை அலுவலகமொன்றில் ஞாயிறுதோறும் எட்டுப் பக்கச் சிறுவர் பகுதியொன்று வெளிவந்தது. ஒருநாள் கூட்டத்தில் கணக்காளர் ஒரு தாளைக் காட்டி, அது நட்டத்தில் ஓடுகின்றது என்றார். இரண்டே வாரங்களில் அது நிறுத்தப்பட்டது. நானும் அக்கூட்டத்தில் இருந்தேன். கணக்கு என்றால் எழுத்துக்காரருக்கு ஒரு பயம், வாய் திறக்கவில்லை.

அந்தத் தாளின் சூட்சுமம் பல வருடங்களின் பின்னரே எனக்குப் புரிந்தது. வாடகை, மின்சாரம், மேற்பார்வையாளர் சம்பளம் முதலான மேந்தலைச் செலவுகள் யாவும் அச்சாகும் பக்கங்களின் எண்ணிக்கைப்படி பங்கிடப்பட்டிருந்தன. ஞாயிறு இதழின் பிரதிகள் அதிகம். ஆகவே சிறுவர் பகுதியின் தலையில் பெரும்பங்கு விழுந்தது. உண்மையில் அப்பகுதி வியாழக்கிழமையே தயாராகிவிடும். ஒரு தடவை தகடு செய்தால் போதும். நிருபர் இல்லை, வாகனம் இல்லை, நள்ளிரவில் தலைப்பு மாற்றும் அமளி இல்லை. அந்த அமளியெல்லாம் முதற்பக்கத்துக்கு உரியது. (அதை உண்டாக்கியவர்களில் நானும் ஒருவன்.)

1980களின் பிற்பகுதியில் ஹார்வர்ட் பேராசிரியர்கள் ரொபின் கூப்பரும் ரொபர்ட் கப்லனும் பிரபலப்படுத்திய செயற்பாட்டு அடிப்படைக் கிரயவியல் இத்தவறைத்தான் சுட்டுகின்றது. செலவை உண்டாக்குபவை செயற்பாடுகள். பண்டங்கள் அச்செயற்பாடுகளைப் பயன்படுத்துகின்றன. எது எவ்வளவு பயன்படுத்தியதோ, அவ்வளவே அதன் கணக்கில் சேர வேண்டும்.

ஓர் அச்சகத்தை எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தை ஆயத்தப்படுத்தும் மாதச் செலவு 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 19,000 துண்டுப்பிரசுரங்கள் ஒரே ஆயத்தத்தில் முடிகின்றன. கலியாண அட்டைகள் 200 வீதம் ஐந்து வேலைகள், ஐந்து ஆயத்தங்கள். பிரதிக் கணக்கில் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 3 ரூபா. அட்டைகளுக்கு மொத்தம் 3,000 ரூபா மாத்திரமே. ஆயத்தக் கணக்கில் பங்கிட்டால் 50,000! அட்டையொன்றுக்கு 50 ரூபா செலவாகும்போது, இலாபம் என்று மகிழ்ந்து விலையைக் குறைத்துக்கொண்டிருப்பார் முதலாளி.

இம்முறையிலும் தொல்லை உண்டு. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று ஊழியரைக் கேட்டால், சும்மா இருந்த நேரத்தை எவரும் சொல்வதில்லை. அதனாற்றான் 2004இல் கப்லனும் ஸ்டீவன் அன்டர்சனும், ஒவ்வொரு செயலுக்கும் செல்லும் நேரத்தை மதிப்பிடும் எளிய வடிவமொன்றை முன்வைத்தனர்.

ஒன்றை மூடுமுன், அதனோடு எந்தச் செயற்பாடு உண்மையில் நின்றுபோகும் என்று கேட்க வேண்டும். எமது அலுவலகத்தில் அதை எவரும் கேட்கவில்லை. சிறுவர் பகுதி நின்றபின் வாடகையும் குறையவில்லை. மின்சாரக் கட்டணமும் குறையவில்லை. அவை மிஞ்சிய பக்கங்களின் மீது ஏறின. அடுத்த வருடம், இலக்கியப் பக்கம் நட்டத்தில் ஓடுகின்றது என்று தாள் வந்தது. அதைத் தொகுத்தவன் நான். அத்தடவை வாய் திறந்தேன். ஆனால் கணக்குத் தெரிந்திருக்கவில்லை.