வெள்ளமும் காப்பீடும்

நீரைப் போன்ற நண்பனும் இல்லை. நீரைப் போன்ற பகைவனும் இல்லை. மழைக்குரிய இவ்விரு தொழிலையும் திருவள்ளுவர் வான்சிறப்பிலே கூறிப் போந்தனர். அச்சரப்பாக்கத்தில் வாழ்வோர் இவ்வுண்மையை ஏட்டில் கற்க வேண்டுவதில்லை. எங்கள் ஊர்க் குன்றின்மீதுள்ள கத்தோலிக்கத் திருத்தலத்துக்கு மழைமலை மாதா கோயில் என்பது பெயர். வடக்கே மதுராந்தகத்தில் ஏரிகாத்த இராமர் கோயில் கொண்டுள்ளார். ஓரிடத்தில் மழை வேண்டுகின்றனர். மற்றோரிடத்தில் மழைநீர் கரையை உடையாதிருக்க வேண்டுகின்றனர். இரண்டும் ஒரே நாட்டு மக்களின் வேண்டுதலேயாம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. எங்கள் இல்லத்திலும் முழங்காலளவு நீர் புகுந்தது. அரிசி மூட்டைகள், மெத்தைகள், குளிர்சாதனப் பெட்டி, அன்னையார் தையல் தொழில் செய்துவந்த இயந்திரம் ஆகிய யாவும் நீரில் மூழ்கின. மூன்று தலைமுறையின் பிறப்பும் ஞானஸ்நானமும் குறிக்கப்பட்டிருந்த பழைய வேதாகமமும் ஊறிச் சிதைந்தது.

வீடு கட்ட வங்கியில் கடன் பெற்றபோது எடுத்த காப்பீட்டுப் பத்திரம் ஒன்று எங்களிடம் இருந்தது. அது 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் வகையினது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் யாவும் ஒரே விதிகளோடு வழங்கிவரும் பத்திரம் இது. புயலாலும் வெள்ளத்தாலும் வரும் சேதம் இதில் அடங்கும். நாட்பட்ட தேய்மானத்தால் வருவது அடங்காது. எங்கள் பத்திரம் கட்டடத்தையும் வீட்டுப் பொருள்களையும் சேர்த்துக் காப்பது.

எந்தையார் அன்றே கம்பெனிக்குச் செய்தி அறிவித்தார். சேறு கழுவுமுன் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்தோம். கெட்ட பொருள்களை வீசாமல் திண்ணையில் அடுக்கிவைத்தோம். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து காணும்வரை அவை சான்றாக நிற்றல் வேண்டும்.

அந்நாட்களில் அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் எந்தையாரை நோக்கி, "தம்பி, மாடியிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியையும் சேர்த்து எழுதிவிடு, கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?" என்றார். எந்தையார், "அண்ணா, தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றதென்று சுவரே சொல்கிறது. அதற்கு மேல் நான் எப்படிச் சொல்வேன்?" என்று விடையிறுத்தார். பலர் செலுத்தும் சிறு தொகைகள் ஒருங்கு சேர்ந்தே இடருற்ற சிலரைத் தாங்குகின்றன. அதில் பொய்க்கணக்கு எழுதுதல், முகமறியாத அயலான் ஒருவன் கைப்பொருளைக் கவர்தலேயன்றோ?

உண்மை கூறினார்க்கும் வழி எளிதாயிருக்கவில்லை. சுவரின் ஈரம் பழங்கசிவால் வந்ததென்று சர்வேயர் குறித்தார். முந்திய கிறிஸ்துமஸ் நாளில் அச்சுவரின்முன் நின்று எடுத்த குடும்பப் படத்தை எந்தையார் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு அனுப்பினார். அதில் சுவர் வெண்மையாகக் கறையின்றி விளங்கிற்று. ஒரு மாதத்துள் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவு தாராவிடினும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு அவசியம் நேரவில்லை. ஐந்தாம் மாதத்தில், கேட்டதில் முக்காற்பங்கு கிடைத்தது. அன்னையார் புதிய தையல் இயந்திரம் வாங்கினார். வேதாகமத்துக்கு மட்டும் படிவத்தில் இடமில்லை. பாட்டியார் நினைவிலிருந்து நாட்களைச் சொல்லச் சொல்ல, யான் புதிய வேதாகமத்தின் முதலேட்டில் எழுதினேன்.

எங்கள் தெருவில் கூரை வீடுகளில் வாழ்வோர்க்குப் பத்திரமே இல்லை. கடன்பெற்று வீடு கட்டிய சிலரிடம் பத்திரம் இருந்தும் பயனில்லை; அது ஆங்கிலத்தில் இருந்தமையால் பெட்டியினடியில் உறங்கிற்று. இருவர் இல்லங்களில் யான் சென்று படித்துப் பொருள் கூறினேன். ஒருவரது பத்திரம் காலங்கடந்து போயிருந்தது. மற்றவரது செல்லும் நிலையில் இருந்தது. அவரும் விண்ணப்பித்து ஈடு பெற்றார்.

மாணவ நண்பர்களே! இவ்விடுமுறையில் இல்லம் சேர்ந்ததும், பெற்றோரது பெட்டியைத் திறந்து அவ்வேடுகளை அவர்கட்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். காலம் முடிந்திருப்பின் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பின்னர் அடுத்த வீட்டுக் கதவையும் தட்டுங்கள். ஐப்பசி மழை நமக்காகக் காத்திராது.