சட்டமும் தலைமையும்

அரசியலுக்கு வருவோர் பலர்க்குச் சட்டக்கல்வி ஒரு படிக்கட்டு. வெகு சிலர்க்கே அது வாழ்க்கை நெறி. ஜொகூர் மண் ஈன்ற துன் உசேன் ஓன் அச்சிலருள் ஒருவர்.

1922 பிப்ரவரி 12ஆம் நாள் ஜொகூர் பாருவில் பிறந்தார். பாட்டனார் ஜாபார் ஹாஜி முகமது ஜொகூரின் முதல் மந்திரி புசார். தந்தையார் டத்தோ ஓன் ஜாபார் 1946இல் அம்னோவை நிறுவியவர். இளமையில் உசேனை ஈர்த்தது படைவாழ்வு. டேராடூனில் பயிற்சி பெற்று, இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையின் அதிகாரியாக மத்திய கிழக்கில் பணிபுரிந்தார்.

போருக்குப்பின் அரசியல் அழைத்தது. அம்னோ இளைஞர் பிரிவின் முதல் தலைவரானார். ஜொகூர் மாநில மன்றத்தில் அமர்ந்தார். 1950இல் கட்சியின் பொதுச் செயலாளரானார். அம்னோவின் கதவை எல்லா இனத்தவர்க்கும் திறந்துவிட வேண்டும் என்றார் தந்தையார். கட்சி இணங்கவில்லை. 1951இல் தந்தையார் வெளியேற, மைந்தரும் உடன் வெளியேறினார். முப்பதைக் கடந்தபின் லண்டன் சென்று லிங்கன்ஸ் இன்னில் சட்டம் பயின்றார். திரும்பிக் கோலாலம்பூரில் வழக்குரைஞராகத் தொழில் நடத்தினார்.

1968இல் துன் ரசாக்கின் வேண்டுகோளை ஏற்று மீண்டும் அம்னோவில் சேர்ந்தார். இருவரும் உடன்பிறந்த சகோதரியரை மணந்தவர்கள். 1976 ஜனவரியில் ரசாக் மறைய, நாட்டின் மூன்றாம் பிரதமரானார் உசேன். ஒரு கோப்பை முழுதும் படிக்காமல் கையொப்பமிடார் என்பது அவரைப் பற்றிய பேச்சு.

சோதனை உடனே வந்தது. சிலாங்கூர் மந்திரி புசாராகவும் அம்னோ இளைஞர் தலைவராகவும் விளங்கிய டத்தோ ஹருன் இட்ரிஸ் ஊழல் வழக்கில் சிக்கியிருந்தார். கட்சிக்குள் அவருக்கிருந்த செல்வாக்குப் பெரிது. பிரதமரோ கட்சிக்குப் புதியவர் போன்றவர். ஆயினும் வழக்கு தன்வழியே சென்றது. தண்டனையும் வந்தது. அம்னோவின் வலிமை வாய்ந்த ஒருவர் சிறை புகுந்தார்.

எனினும், அதே 1976இல் புகழ்பெற்ற இதழாசிரியர் சமட் இஸ்மாயில் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார். 1981இல்தான் விடுதலை பெற்றார். ஹருனுக்குக் கிட்டிய நீதிமன்றம் சமட்டுக்குக் கிட்டவில்லை. சட்டத்தைப் போற்றிய தலைவரின் ஆட்சியிலேயே இது நிகழ்ந்தது என்பதை வரலாறு மறைக்கலாகாது.

இதய அறுவைச் சிகிச்சைக்குப்பின் 1981 ஜூலையில் தாமே பதவி துறந்தார். 1990இல் அமெரிக்காவில் காலமானார். தலைவன் நேர்மையாளன் என்பது ஒரு நாட்டுக்கு நற்பேறு. ஆனால் அவன் நேர்மையை மட்டும் நம்பி வாழும் நிலை குடிமக்களுக்கு வாய்க்கலாகாது. நீதிமன்றத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருப்பதே அவர்க்குக் காப்பு.