உறிஞ்சினது சரி... அந்தத் தூசி எங்கே போச்சு?

செங்கோட்டை பக்கம் ஓர் ஓட்டு வீடு. முன்பக்கம் குடியிருப்பு, பின்பக்கம் தச்சுப் பட்டறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன முற்றம், ஒரு கதவு. நாற்பது வருடமாக அந்தக் கதவு வழியாகத்தான் தாத்தா காலை டீக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்குள் வருவார். அவரோடு மரத்தூளும் வரும். சட்டையில், தலைமுடியில், கால் ரோமத்தில். ஆச்சி வாரியலை எடுப்பார், பெருக்குவார், முடிந்தது. யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை, சென்ற வருடம் மே மாதம் வரைக்கும்.

மே கடைசி. குற்றாலத்து மேல்காற்று தொடங்குகிற நேரம். சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஏழு வயதுப் பேத்தி, பகல் முழுக்கப் பட்டறையில் தாத்தாவின் காலடியில் உட்கார்ந்து இழைப்புச் சுருள்களைக் கம்மலாக மாட்டி விளையாடினாள். அன்றைக்குத் தாத்தா ஒரு தேக்குக் கதவுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோ பிடித்து தென்காசிக்கு ஓடினார்கள். நெபுலைசர் வைத்து, விடிகிற நேரத்தில்தான் மூச்சு சீரானது.

"மரத்தூள் இருக்கிற இடத்தில் கொஞ்ச நாளைக்கு விடாதீங்க" என்றார் டாக்டர். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வரியில் காலாண்டு லீவு போனது. 'டான்ஸ் கிளாஸ் இருக்குப்பா' என்று மகள் போனில் சொன்னபோது, அது காரணம் இல்லை என்று தாத்தாவுக்குத் தெரியும்.

"பேசாம பட்டறையை மூடிருவோமா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். ஆச்சி பதில் சொல்லவில்லை. சோற்றில் ரசம் ஊற்றினார்.

கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் ஒரு சோதனை

தீபாவளித் தள்ளுபடியில் மகள் ஒரு கையடக்க வாக்குவம் கிளீனரை ஆர்டர் செய்து நேராக ஊருக்கே அனுப்பினாள். ஒயர் கிடையாது, சார்ஜ் போட்டால் போதும். விலை 1,499 ரூபாய். '120 வாட் மோட்டார், சூப்பர் சக்ஷன்' என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்தது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினால் மிக்ஸி மாதிரி சத்தம். ஜன்னல் ஓரத்துத் தூசி நிமிஷத்தில் காணாமல் போனது. ஆச்சிக்கு முதலில் சந்தோஷம். ஆனால், மூன்றாம் நாள் தும்ம ஆரம்பித்தார்.

தாத்தா மெஷினை வாங்கி முற்றத்து ஓரத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. காலை பத்து மணிக்கு அதன் வழியே வெயில் ஒரு கம்பு மாதிரி சாய்ந்து இறங்கும். தரையில் ஒரு பிடி மரத்தூளைத் தூவி, அந்த வெயிலுக்கு நேராக மெஷினை ஓடவிட்டார். முன்பக்கம் தூள் உள்ளே போனது. பின்பக்கத் துவாரத்தில், வெயிலில், பொடிப்பொடியாகப் புகை மாதிரி வெளியே வந்தது. வாரியலால் பெருக்கினால் முழங்கால் உயரத்துக்கு எழும்புகிற தூசி, இப்போது மூக்கு உயரத்துக்கு வந்து நின்றது.

மகளுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார்.

"உறிஞ்சுறது சரிம்மா. உறிஞ்சினதை இது எங்க விடுது, பார்த்தியா?"

மகள் பார்த்தாள். அவள் வாங்கும்போது விலை பார்த்தாள், ஸ்டார் பார்த்தாள், வாட் பார்த்தாள். அந்தத் துவாரத்தைப் பார்க்கவில்லை. உள்ளே இருந்தது ஒரு மெல்லிய வலையும் ஸ்பாஞ்சும்தான். கண்ணுக்குத் தெரிகிற குப்பையை அது நிறுத்தும். கண்ணுக்குத் தெரியாத பொடியை, அதாவது நெஞ்சுக்குள் போகிற பொடியை, அப்படியே காற்றில் திருப்பி அனுப்பும்.

கைக்குட்டையில் பிறந்த மெஷின்

அன்று ராத்திரி மகள் இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தாள். வாக்குவம் கிளீனர் பிறந்த கதையே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற இன்ஜினீயர், தூசியை ஊதித் தள்ளுகிற ஒரு மெஷினைப் பார்த்தார். ஊதுவதற்குப் பதில் ஏன் உறிஞ்சக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. ஓர் உணவகத்து நாற்காலியின் மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து இழுத்துப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்பக்கம் தூசி ஒட்டியிருந்தது. 1901-ல் அவர் செய்த மெஷினைக் குதிரை வண்டியில் வைத்துத் தெருவில் நிறுத்தி, குழாயை மட்டும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விடுவார்கள். அது சுருங்கிச் சுருங்கி, 1979-ல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனத்தின் 'டஸ்ட்பஸ்டர்' வந்தபோது, ஒயர் இல்லாமல் ஒரு கையில் அடங்கிவிட்டது.

"ஆக, அந்த ஆளு கண்டுபிடிச்சது உறிஞ்சுறதை மட்டும் இல்லை. கைக்குட்டையையும்தான்" என்றார் தாத்தா.

அந்தக் கைக்குட்டைக்கு இன்றைய பெயர் ஃபில்டர். அதில் நல்லது 'ஹெப்பா'. 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 10,000 வந்தால் 9,997-ஐ நிறுத்த வேண்டும் என்பது அதற்கான அமெரிக்க அளவுகோல். ஐரோப்பிய அளவுகோலில் எச்13 என்று எழுதியிருக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், 0.3 எவ்வளவு பொடி என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 'ஹெப்பா போன்றது', 'ஹெப்பா வகை' என்று மட்டும் போட்டிருந்தால் அது எந்த உத்தரவாதமும் இல்லை.

பலகைத் துண்டில் ஐந்து கேள்விகள்

இரண்டாவது மெஷினைக் கடையில் பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவானது. பொங்கலுக்குத் தனியாக வந்த மகளும் தாத்தாவும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார்கள். தாத்தா அளவு குறிக்கிற தச்சுப் பென்சிலால் ஒரு பலகைத் துண்டில் ஐந்து கேள்விகளை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

முதல் கேள்வி, ஃபில்டர் எது, அது எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது? கடைக்காரப் பையன் ஹெப்பா ஃபில்டரைக் கழற்றிக் காட்டினான். தாத்தா ஃபில்டரை விட்டுவிட்டு, அது உட்காருகிற ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "கதவு எவ்வளவு கனமா இருந்தா என்ன தம்பி, சட்டத்துல இடைவெளி இருந்தா கொசு வரத்தானே செய்யும்?"

இரண்டாவது, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்? இதற்கு மகள் கணக்குப் போட்டாள். பழைய மெஷினின் பேட்டரி 7.4 வோல்ட், 2,000 எம்ஏஹெச். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 14.8 வாட்-அவர். மோட்டார் உண்மையிலேயே 120 வாட் இழுத்தால் ஏழு நிமிடம்தான் ஓடும். பெட்டியில் போட்டிருந்ததோ 25 நிமிடம்! இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். கடையில் பார்த்த ஒன்றில் 14.8 வோல்ட், 2,500 எம்ஏஹெச். அதாவது 37 வாட்-அவர். நூறு வாட் மோட்டாருக்கு ஏறக்குறைய 22 நிமிடம். ஒரு கட்டில், ஒரு சோபா, நாலு ஜன்னலுக்குப் போதும்.

மூன்றாவது, இழுக்கிற சக்தி. பாஸ்கல் கணக்கில் பெரிய பெரிய எண்கள் எழுதியிருந்தன. அந்த எண் மட்டும் போதாது என்று மகள் படித்திருந்தாள். இளநீர் ஸ்ட்ராவின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சினால் கன்னம் ஒட்டுகிற அளவுக்கு இழுக்கும். வாய்க்கு ஒரு சொட்டும் வராது. இழுக்கிற அழுத்தமும் வேண்டும், காற்று ஓட்டமும் வேண்டும். அதனால் தாத்தா கடையின் மிதியடியில் ஓட்டிப் பார்த்தார். இடுக்கில் இருந்த மணல் வந்தது. திருப்தி.

நான்காவது, எடை. பெட்டியில் ஒன்றரைக் கிலோ என்று இருந்தால் சின்னதாகத்தான் தெரியும். கையை நீட்டிப் பிடித்தபடி இரண்டு நிமிடம் நின்றால்தான் ஆச்சியின் தோள்வலிக்கு அது என்ன என்று புரியும். தாத்தா அப்படியே நின்றார். கடையில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

ஐந்தாவது, ஃபில்டரும் பேட்டரியும் தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் எங்கே? "ஆன்லைன்ல கிடைக்கும் சார்" என்று சொன்ன கடையைவிட்டு இறங்கினார்கள். ஃபில்டரை எடுத்து மேஜையில் வைத்து விலை சொன்ன கடையில் வாங்கினார்கள். 5,800 ரூபாய்.

பட்டறைக்கு அது போதாது

"இதையே பட்டறைக்கும் வெச்சுக்கலாம்ப்பா" என்றாள் மகள். தாத்தா சிரித்தார். அந்த மெஷினின் வயிறு அரை லிட்டர். ஒரு பலகையை இழைத்தால் விழுகிற சுருள் ஒரு சாக்கு. பொடித்தூள் போய் ஃபில்டரை ஒரே நாளில் அடைத்துவிடும். டிரில்லுக்கான 18 வோல்ட் பேட்டரியிலேயே ஓடுகிற கிளீனர்களும் உண்டு. வெளியூரில் அலமாரி மாட்டப் போகிற இடத்தில், ஓட்டை போட்ட தூளை எடுக்க அது நல்லது. ஆனால் பட்டறைக்கு வேண்டியது, ஒயரோடு, நீளக் குழாயோடு, டிரம் மாதிரி இருக்கிற பெரிய கிளீனர். அதன் குழாயை உப்புத்தாள் போடும் மெஷினிலேயே மாட்டிவிட்டால், தூள் பெரும்பாலும் பறப்பதற்கு முன்பே பிடிபடும்.

அதற்கும் பணம் வேண்டுமே என்று தாத்தா இழுத்தபோதுதான் மகள் தான் படித்த இன்னொன்றைச் சொன்னாள். உலக சுகாதார அமைப்பின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் 1995-லேயே சேர்த்திருக்கிறது. மூக்கிலும் மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வருகிற புற்றுநோய். தேக்கு போன்ற கடினமான மரங்களின் தூளை வருடக்கணக்கில் சுவாசிக்கிறவர்களுக்கு ஆபத்து.

பஸ்ஸில் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

"உங்களுக்குக் காலையில இருமல் வருதே, எத்தனை வருஷமாப்பா?"

"அது கிடக்கு. உங்கம்மாவுக்கு அதுதான் அலாரம்."

குழந்தைக்கு ஒரே ஒரு பகல். அவருக்கு நாற்பது வருடம். அந்தக் கணக்கை அந்த வீட்டில் யாரும் அதுவரை போட்டிருக்கவில்லை. அடுத்த வாரம் தாத்தா நெஞ்சு டாக்டரிடம் போனார். பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் இனி என்95 மாஸ்க் இல்லாமல் உப்புத்தாளைத் தொடக் கூடாது என்று கண்டிஷன். டிரம் கிளீனர் வந்தது. தச்சர்கள் இரண்டு பேரிடம் வர வேண்டிய பழைய பாக்கியை வசூலித்து வாங்கினார்.

வீட்டு மெஷினுக்கு ஆச்சி தனிச் சட்டம் போட்டார். தூசிக் கிண்ணத்தை வீட்டுக்குள் திறக்கக் கூடாது. வாசலுக்குக் கொண்டுபோய் ஒரு கவருக்குள் கொட்டிக் கட்ட வேண்டும். கழுவலாம் என்று கம்பெனியே சொன்ன ஃபில்டரை மட்டும்தான் கழுவ வேண்டும். ஒருநாள் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். சாம்பிராணிக் கங்கு, ஊதுபத்திச் சாம்பல் பக்கம் போகவே கூடாது. ஈரத் தரையிலும் கூடாது. பட்டறையில் அள்ளுகிற பெரிய குப்பைக்கு, எப்போதும் போலத் தண்ணீர் தெளித்துத்தான் வாரியல். "எங்கம்மா தண்ணி தெளிக்காம பெருக்கினா அடிப்பா. அப்பவே ஃபில்டர் வெச்சிருந்திருக்கா" என்றார் ஆச்சி.

இந்த மே மாதம் பேத்தி வந்தாள். இன்ஹேலர் அவள் பையில் இருந்தது. மெஷின் மருந்து இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். பட்டறைக்குள் அவளுக்கு அனுமதி இல்லை. முற்றத்துக் கதவுக்கு இந்தப் பக்கம், தாத்தா செய்து வைத்திருந்த குட்டி எழுதுமேஜையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களைக் கண்காணித்தாள்.

மதியம் தாத்தா கதவருகே வந்து நின்று, மாஸ்க்கைக் கழற்றாமல் இரண்டு கையையும் தூக்கினார். ஆச்சி முற்றத்தில் இறங்கி, மெஷினை அவர் சட்டையில் மேலிருந்து கீழாக ஓட்டினார். உள்ளே இருந்து குரல் வந்தது.

"ஆச்சி, காதுக்குப் பின்னாடி இன்னும் இருக்கு. விடாதீங்க!"

தாத்தா தலையைக் குனிந்து காதைக் காட்டினார்.