நீலச் சிலந்தியின் சொந்த ஊர்

இந்தியாவின் ஆந்திர மாநிலத்தில், அனந்தப்பூர் மாவட்டத்தில் ‘குத்தி’ என்றோர் ஊர் இருக்கிறது. பாறைக் குன்றின் மேல் பழைய கோட்டை, கீழே புகையிரதச் சந்தி, சுற்றிலும் வரண்ட பூமி. இவ்வூரின் பெயரால் ஒரு சிலந்தி உலகெங்கும் அறியப்படுகிறது. ஆனால் அதைத் தேடி நீங்கள் அங்கே போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.

1899இல் பொகொக் என்ற ஆங்கிலேய அறிஞர், குத்தியில் அகப்பட்ட ஒரேயொரு பெண் சிலந்தியைக் கொண்டு இவ்வினத்தை விபரித்தார். ‘பொசிலொதேரியா மெட்டாலிக்கா’ என்று பெயரிட்டார். அதன் பிறகு 102 ஆண்டுகள் அது எவர் கண்ணிலும் படவில்லை. 2001இல்தான், ஏறத்தாழ 100 கிலோமீற்றர் கிழக்கே, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட மலைக்காட்டில் மீண்டும் கண்டார்கள். அந்த முதற் சிலந்தி, புகையிரதத்தில் ஏற்றிய மரங்களோடு குத்திக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

கோடையில் இலையுதிர்க்கும் காடு அது. முதிர்ந்த மரங்களின் பொந்துகளே இதன் வீடு. பகலில் உள்ளே ஒடுங்கியிருக்கும். இரவில் பொந்து வாயிலில் காத்திருந்து பூச்சிகளைப் பிடிக்கும். விரித்த கையளவு பெரியது. உடலெங்கும் பளபளக்கும் நீலம். கால்களில் மஞ்சள் திட்டுக்கள். இந்த நீலம் சாயமல்ல. மயில் இறகைப் போல, மயிர்களின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் தோன்றுவது. பெண் பத்தாண்டுகளுக்கு மேல் வாழும். ஆணோ பருவமடைந்ததும் துணை தேடி அலைந்து, விரைவில் மடிந்துவிடும். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டு; இறந்தவர் எவரும் இருப்பதாகப் பதிவில்லை.

நம் நாட்டில் சிங்களவர் ‘திவிமகுளுவா’ என்பது இதன் உறவுதான். இந்தப் பேரினம் இந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இல்லை. மாங்குளத்தில் கண்டெடுத்து 2012இல் அறிவிக்கப்பட்ட இனம் பழைய வைத்தியசாலைக் கட்டடத்திலும் இருந்தது. பொந்துள்ள மரங்கள் குறைந்தால் அது வேறெங்கே போகும்? சுவரில் கண்டதும் தும்புத்தடியைத் தூக்குகிறோமே, அதற்கு முன் இதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

நீலச் சிலந்தியின் காடு 100 சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. அங்கும் விறகுக்காக மரங்கள் விழுகின்றன. அடுப்பெரிக்க வேறு வழியற்ற ஏழைகளைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அழகுக்காக இதை விலைக்கு வாங்குவோரின் கதை வேறு. 2008இல் இது அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2019இல் இப்பேரினத்தின் சர்வதேச வியாபாரம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அதற்கு முன்பே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இது குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிட்டது.