அண்ணன் கேட்டது தம்பிக்கு, தம்பி கேட்டது அண்ணனுக்கு

களியக்காவிளைப் பக்கம் என்று ஊரைச் சொன்னால், "அப்போ மலையாளியா?" என்பதுதான் இங்கே அடுத்த கேள்வி. எங்கள் குடும்பத்தையே இரண்டாக்கிய கேள்வி அது.

பாட்டாவுக்கு வீடு படந்தாலுமூட்டில். சர்க்கார் பள்ளிக்கூட வாத்தியார். சம்பளம், பெரிய ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாமே திருவனந்தபுரம்தான். "மெட்ராஸ் எங்க கெடக்கு?" என்பாராம். அவர் தம்பி, சின்னப் பாட்டா, பாறசாலையில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்றால் அவருக்கு உயிர். அந்தக் கட்சி தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் உண்டு. பாறசாலை அந்தத் தாலுகாதான்.

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. முதல்வர் பட்டம் தாணு பிள்ளை. (அவர் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாவே ராஜினாமா செய்யச் சொன்னார். மனுஷன் அசையவில்லை.) மார்த்தாண்டம் ஊர்வலத்தில் இருந்த சின்னப் பாட்டா, ராத்திரி பாறசாலைக்கு நடந்தே திரும்பும் வழியில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார். பாட்டா திறக்கவில்லை. போலீஸ் வந்தால் வேலை போய்விடும். பாட்டிதான் அடுக்களை வாசல் வழியே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு சாகும்வரை இருவரும் பேசவில்லை. எனக்குப் பாட்டா மேல் வருத்தம் உண்டு. ஆனால் மாதச் சம்பளக்காரனின் பயம் என்னவென்று எனக்கும் தெரியும்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. மாநிலச் சீரமைப்புக் கமிஷன் இந்தப் பக்கத்தில் தாலுகா கணக்கில் கோடு போட்டது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. வேண்டாம் என்ற பாட்டா மெட்ராஸ்காரர் ஆனார். கேட்டு ஓடியவர் கேரளக்காரர் ஆனார். நடுவில் சில மைல்தான், பஸ்ஸில் போனால் ஒரு தூக்கத்துக்குக் காணாது.

போன லீவில் குடும்பச் சொத்தின் பாகப்பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பாறசாலைக்குப் போனேன். திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம், கொல்லம் ஆண்டு போட்டு முழுக்க மலையாளம். எனக்கு ஒரு எழுத்து தெரியாது. சின்னப் பாட்டாவின் பேரன்தான் வாசித்துச் சொன்னான். பிறகு உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியை எடுத்துவந்தான். அவர் சேர்த்துவைத்த போராட்ட நோட்டீஸ்கள், எல்லாம் தமிழ். வீட்டில் தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது.

"அண்ணே, இதை ஒண்ணு வாசியுங்க."

வாசித்தேன். தாலுகாக்களின் பெயர் வரிசையில் நெய்யாற்றின்கரை வந்ததும் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்.