கடலுக்குள் ஒரு பம்ப் சத்தம்

ஹைட்ராலிக்ஸ் லேபில் சக்ஷன் வால்வை நான் அதிகமாக மூடிவிட்ட அன்று, பம்ப் ஜல்லியை அரைப்பது போல் கத்தியது. "கேவிடேஷன்டா! இம்பெல்லர் போயிடும், வால்வைத் திற!" என்று சார் ஓடி வந்தார். வைவாவிலும் அதையே கேட்டார். நீராவிக் குமிழ்கள் உடைந்து உலோகத்தை அரிக்கும், எஃபிஷியன்சி குறையும் என்றேன். மார்க் கிடைத்தது. சத்தத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகுதான் படித்தேன். கப்பலின் புரொப்பெல்லரிலும் இதே குமிழ்கள்தான். கப்பல் இரைச்சலில் பெரும்பங்கு அவற்றுடையது. தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். பெரிய திமிங்கிலங்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதும் கப்பல் உறுமும் அதே தாழ்ந்த அதிர்வெண்களில்தான்.

இதனால் அவற்றுக்கு என்ன கெடுதல் என்று அறிய, கப்பல்களை நிறுத்திப் பார்க்கவா முடியும்? ஒருமுறை தானாகவே குறைந்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கடலடி இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. ஒலியழுத்தத்தில் பாதி! அங்குள்ள ரைட் திமிங்கிலங்களின் மலத்தைச் சோதித்தார்கள். (சிரிக்காதீங்க, படகில் மோப்ப நாயோடு போய்த் தேடியவர்கள் அவர்கள்.) ஸ்ட்ரெஸ் ஹார்மோனும் அப்போது குறைந்திருந்தது. அடுத்த வருடங்களில் அதே பருவத்தில் அப்படிக் குறையவில்லை. 2012-ல் இந்த ஆய்வு வெளியானது.

உலகமே கலங்கி நின்ற நாட்களில் அவை மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கின்றன. மெக்கானிக்கல்காரனான எனக்கு அது என்னவோ செய்தது.

போன வாரம் அதே பம்ப். வால்வை மெதுவாகத் திறந்தேன். அரைக்கும் சத்தம் அடங்கியது.

"கேஜைப் பாக்காம காதை வெச்சுக்கிட்டு நிக்கிறியே, ரீடிங் சொல்லுடா!" என்றான் பேட்ச்மேட்.